எலும்புக்கு உரியவர் யார்?

பெரியபுராணத்திலே திருஞானசம்பந்தர் வரலாற்றைப் பாடஞ் சொல்லும்போது, பூம்பாவையின் கதைக்கு வந்ததும் வகுப்பில் ஓர் அமைதி உண்டாவதை ஆண்டுதோறும் கண்டு வருகின்றேன். மயிலாப்பூர் வணிகர் சிவநேசர் தம் மகள் பூம்பாவையைச் சம்பந்தருக்கென்றே எண்ணி வளர்த்தார். பூக்கொய்யச் சென்றவிடத்திற் பாம்பு தீண்டிப் பெண் மாண்டாள். ஈமக்கடன் முடிந்தபின் தந்தையார் எலும்பையும் சாம்பலையும் ஒரு குடத்திலிட்டுக் கன்னிமாடத்திலே வைத்துக் காத்தார். சம்பந்தர் மயிலைக்கு எழுந்தருளியபோது அக்குடத்தைக் கொணர்ந்து அவர் முன்னிலையில் வைத்தார். மேல் நிகழ்ந்ததைத் தமிழறிந்தார் யாவரும் அறிவர்.

சென்ற தவணையில் இப்பகுதியைப் படிப்பித்துக்கொண்டிருந்தபொழுது மாணவனொருவன் எழுந்து, "ஐயா, ஐன்ஸ்டைனுடைய மூளையையும் ஒருவர் இப்படித்தானே போத்தலிலே போட்டுத் தம்மோடு வைத்திருந்தார்? அதையும் அன்பென்று சொல்லலாமோ?" என்று கேட்டான். வகுப்புச் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை; மறுமொழியும் வரவில்லை. "நாளைக்குச் சொல்லுகிறேன்" என்று நூலை மூடினேன். அந்த நாளை பல வாரங்களாக நீண்டுவிட்டது. அதற்கிடையில் தேடிப் படித்தவற்றையும், படித்தபின் எண்ணியவற்றையும் ஈண்டு எழுதுகின்றேன்.

இவ்வினா நம்மவர்க்குப் பழக்கமானதன்று. தீயிலிட்டபின் காடாற்றிச் சாம்பலைக் கடலிற் கரைப்பதும், முப்பத்தோராம் நாளில் அந்தியேட்டி செய்து கீரிமலையில் நீராடி மீள்வதும் யாழ்ப்பாணத்தார் வழக்கு. இறந்தவரின் படம் சுவரிலே தொங்கும்; அவர் உடுத்த வேட்டி பெட்டியிலே கிடக்கும்; உடம்பின் துணுக்கு ஒன்றும் வீட்டிலே தங்காது. ஆகவே, பெயர்பெற்ற ஒருவரின் தலையை வெட்டியெடுத்துப் பேழையில் வைத்திருந்தார்கள் என்று கேட்கும்போது நமக்கு முதலில் அருவருப்பே தோன்றுகின்றது. அந்த அருவருப்போடு நின்றுவிட்டால் உண்மை புலப்படாது. அவ்வாறு செய்தவர் எல்லாரும் கொடியரல்லர்; அவருட் சிலர் இறந்தவர்மீது பெரும் பற்றுடையவராயிருந்தனர்.

இசைப்புலவரின் தலை

ஒஸ்திரிய நாட்டின் பேரிசைப் புலவர் யோசெப் ஹைடன் 1809ஆம் ஆண்டு மே மாதம் 31ஆம் திகதி வியன்னா நகரிலே காலமானார். நெப்போலியனின் படை அந்நகரைக் கைப்பற்றியிருந்த காலம் அது. போர்க்குழப்பத்தினிடையே அடக்கம் எளிமையாக நடந்தது. சில நாட்கள் கழிய, ரோசன்பௌம் என்பவரும் சிறைச்சாலை அதிகாரியாகிய பீற்றர் என்பவரும் குழிவெட்டுவோனுக்குக் கைக்கூலி கொடுத்துக் கல்லறையைத் திறப்பித்து, ஹைடனின் தலையைக் கொய்து கொண்டுபோயினர்.

இவர்கள் ஹைடனின் பகைவரல்லர், அவரைப் போற்றியவர்கள். மண்டையோட்டின் மேடுபள்ளங்களைத் தடவிப் பார்த்து மனிதனின் குணத்தையும் ஆற்றலையும் அறியலாமென்று பிரான்ஸ் ஜோசப் கோல் என்னும் வைத்தியர் பரப்பிய கொள்கை அக்காலத்தில் ஐரோப்பாவிற் பெருவழக்காயிருந்தது. இசையாற்றல் எந்த மேட்டிற் குடிகொண்டிருந்தது என்று காணும் ஆவல் இவர்களை அச்செயலுக்குத் தூண்டியது. எடுத்த தலையைத் தூய்மை செய்து, கண்ணாடி பதித்த கரிய மரப்பேழையொன்றில் மெத்தையின்மேல் வைத்தனர். பேழையின் உச்சியிலே பொன்னாலான யாழுருவமும் அமைந்திருந்தது. களவும் வழிபாடும் ஒரே பேழைக்குள் இருந்தன.

பதினொரு ஆண்டுகள் சென்றன. ஹைடனை ஆதரித்த எஸ்டர்ஹாசி குலத்து இளவரசர், புலவரின் உடலைத் தம் ஊராகிய ஐசன்ஸ்டாட்டுக்குக் கொண்டுசெல்ல எண்ணி 1820இல் கல்லறையைத் திறப்பித்தார். தலை இருக்கவேண்டிய இடத்திற் பொய்ம்மயிர் மாத்திரமே கிடந்தது. பொலிசார் ரோசன்பௌமின் வீட்டைச் சோதிக்கச் சென்றபோது, அவர் மனைவியார் தலையைப் படுக்கைக்குள் ஒளித்து, உடல்நலமில்லாதவர்போல அதன்மேலே படுத்துக்கொண்டார். ஈற்றில் வேறெவருடையவோ ஒரு மண்டையோட்டைக் கொடுத்து இளவரசரை ஏமாற்றினர். உண்மைத் தலை கைமாறிக் கைமாறி, 1895இல் வியன்னாவின் இசையன்பர் கழகத்தை அடைந்தது. 1954ஆம் ஆண்டிலேதான் அது ஐசன்ஸ்டாட்டில் உடலோடு சேர்க்கப்பட்டது. உடலும் தலையும் பிரிந்திருந்த காலம் 145 ஆண்டுகள்.

மாற்றாக வைத்த தலையை அப்போதும் அகற்றவில்லை. ஹைடனின் கல்லறையிலே இன்றும் இரண்டு மண்டையோடுகள் உள்ளன. இரண்டாவது தலைக்குரியவர் யாரென்பது எவருக்கும் தெரியாது. இதைப் படித்து வியந்து சிரிப்பார் உளர். நானும் முதலிற் சிரித்தேன். பின்பு அந்தப் பெயரற்றவரை எண்ணினேன். புகழ்பெற்றவரின் தலையைக் காக்கும் பொருட்டுப் புகழில்லாத ஒருவரின் தலை பொய்ச்சான்றாக அனுப்பப்பட்டது. அவருடைய சுற்றத்தார் அவர் உடல் முழுமையாய் மண்ணிற் கிடப்பதாகவே எண்ணியிருந்திருப்பர்.

விரலும் மூளையும்

வானநூற் பேரறிஞர் கலிலியோவை 1633இல் உரோமாபுரியிலே திருச்சபையின் விசாரணை மன்றம் தண்டித்தது. 1642இல் அவர் இறந்தபோது, புளோரன்ஸ் நகரத்துச் சாந்தா குரோச்சே தேவாலயத்திற் பெருங்கல்லறை அமைக்க இடங்கொடுக்கப்படவில்லை. ஒதுக்கமான சிற்றறையொன்றில் உடலை வைத்தனர். 1737இல் நிலைமை மாறிற்று. அவ்வுடலை எடுத்து, சிற்பி மைக்கேலாஞ்சலோவின் கல்லறைக்கு எதிரே அமைத்த அழகிய கல்லறைக்கு மாற்றினர். அவ்வேளையில் அங்கு கூடிய அபிமானிகள் மூன்று விரல்களையும், பல்லொன்றையும், முதுகெலும்பின் துண்டொன்றையும் எடுத்துக்கொண்டனர்.

எடுத்தவற்றுள் வலக்கை நடுவிரல் இன்றும் புளோரன்ஸ் நகரில் அவர் பெயராலமைந்த நூதனசாலையிலே கண்ணாடிக் கூட்டினுள் மேனோக்கி நிற்கின்றது. ஏனைய இரு விரல்களும் பல்லும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திற் காணாமற்போய், 2009இல் ஏலமொன்றில் வெளிப்பட்டு, அதே நூதனசாலையை வந்தடைந்தன. புனிதர்களின் எலும்புகளைப் பேழையிலிட்டுப் போற்றுவது அந்நாட்டுச் சமயமரபு. சமயமன்றத்தாற் கண்டிக்கப்பட்டவருக்கு அதே மரபின்படி அவருடைய அன்பர்கள் சிறப்புச் செய்தமை காலத்தின் விளையாட்டேயாம். அவ்விரலைக் காணச் செல்லும் மாணவர்களுக்கு அவர் தொலைநோக்கியாற் கண்ட வியாழனின் நான்கு சந்திரன்களும் நினைவுக்கு வருமாயின், அது ஓரளவு நற்பயனே. ஆயினும் விரலைத் தரும்படி அவர் எவருக்கும் சொல்லவில்லை.

ஐன்ஸ்டைனோ தம் விருப்பத்தை வெளியிட்டேயிருந்தார். தமது எலும்புகளை மக்கள் வழிபடலாகாது என்று கருதி உடலை எரிக்கும்படி கூறியிருந்தார். 1955 ஏப்ரல் 18ஆம் திகதி அமெரிக்காவிலே பிரின்ஸ்டன் நகரத்து வைத்தியசாலையில் அவர் உயிர்நீத்தார். உடல் எரிக்கப்பட்டது; சாம்பல் இடமறியா வண்ணம் தூவப்பட்டது. ஆனால், எரிந்த உடலில் மூளை இருக்கவில்லை. பிரேத பரிசோதனை செய்த தோமஸ் ஹார்வி என்னும் வைத்தியர் அதனை முன்னமே எடுத்துவிட்டார். ஆராய்ச்சிக்கு மாத்திரம் பயன்படுத்துவதாயின் உடன்படுகின்றேன் என்று மைந்தர் பின்னரே இசைந்தார். எடுத்தபின் பெற்ற இசைவை இசைவென்று சொல்லலாமோ என்பதை அறநூல் வல்லார் தீர்ப்பாராக.

மூளையை ஏறத்தாழ 240 துண்டுகளாக வெட்டி, ஒரு பகுதியை நுண்காட்டியிற் பார்க்கும் தகடுகளாக்கி, சிலவற்றை ஆராய்ச்சியாளருக்கு அனுப்பி, எஞ்சியவற்றைப் போத்தல்களிலே தம்முடன் வைத்திருந்தார் ஹார்வி. வேலை போயிற்று, ஊர் மாறிற்று, போத்தல்கள் கூடவே சென்றன. 1978இல் செய்தியாளரொருவர் கான்சஸ் மாநிலத்தில் அவரைத் தேடிக் கண்டபோது, அப்பிள் மது வைக்கும் பெட்டியொன்றிலிருந்து அவை வெளிவந்தன. மூளையின் நிறை 1230 கிராம். சாதாரண மனிதரின் மூளையிலும் அது பெரிதன்று. பிற்காலத்தில் ஆராய்ந்தோர் சில வேறுபாடுகளைக் கண்டதாக எழுதினர். ஏனையோர் அவற்றை மறுத்தனர். ஒருவருடைய மூளையை மாத்திரம் கொண்டு அறிவின் காரணத்தைத் துணிதல் எவ்வாறு இயலும்? ஒளியையும் காலத்தையும்பற்றி அவர் எண்ணியவை அவருடைய கட்டுரைகளிலே அச்சாகி எல்லார்க்கும் பொதுவாயிருக்க, அவற்றின் காரணத்தைப் போத்தலிலே தேடினர்.

பகைவர் கொண்ட தலைகள்

இதுவரை கூறியவை பற்றினால் நிகழ்ந்தவை. பகைமையால் நிகழ்ந்தவையும் பல. இங்கிலாந்தில் அரசன் முதலாம் சார்ள்சை 1649இற் கொலைக்களத்துக்கு அனுப்பிய ஒலிவர் குரொம்வெல் 1658இல் இறந்து வெஸ்ட்மினிஸ்டர் தேவாலயத்தில் அரசமரியாதையோடு அடக்கம்பண்ணப்பட்டார். முடியாட்சி மீண்டபின், 1661இல், சார்ள்ஸ் மாண்ட அதே நாளாகிய ஜனவரி 30ஆம் திகதி, புதைத்த பிணத்தைத் தோண்டியெடுத்துத் தூக்கிலிட்டுத் தலையைக் கொய்து கழியில் ஏற்றினர். மண்டபத்தின் உச்சியிற் பல்லாண்டு வெயிலிலும் மழையிலும் நின்ற அத்தலை, பின்னர் விலைப்பொருளாகவும் கட்டணத்துக்குக் காட்டும் காட்சிப்பொருளாகவும் அலைந்தது. 1960இல் கேம்பிரிட்ஜில் அவர் பயின்ற கல்லூரியிலே, இடம் வெளிப்படாமற் புதைக்கப்பட்டது. 300 ஆண்டு அலைந்த தலை, அவர் இளமையிற் கற்ற இடத்திலே ஒதுங்கியது.

சொந்த நாட்டார் கையிலகப்பட்ட தலையின் கதை இதுவாயின், ஆளவந்த அந்நியர் கையிலகப்பட்ட தலைகளின் கதை இதனினும் துயரமானது. கிழக்கு ஆபிரிக்காவில், இன்றைய தன்சானியாவில், ஹெஹெ இனத்தவரின் தலைவராயிருந்த மக்வாவா, 1891இல் ஜேர்மனியரின் படையொன்றை முறியடித்தவர். பின்னர் ஏழாண்டு காடுகளில் மறைந்து போராடி, பிடிபடும் நிலை வந்ததும் 1898இல் தம்மைத் தாமே சுட்டு மாண்டார். தலை ஜேர்மனிக்குக் கொண்டுசெல்லப்பட்டது.

முதலாம் உலகப்போர் முடிந்து 1919இல் வேர்சாயில் உடன்படிக்கை எழுதியபோது, தேசங்களின் எல்லைகளையும் நட்டஈட்டையும் பேசிய அவ்வாவணத்தின் 246ஆம் உறுப்பிலே, மக்வாவாவின் மண்டையோட்டை ஆறு மாதத்துக்குள் பிரித்தானிய அரசாங்கத்திடம் ஒப்படைக்கவேண்டும் என்றொரு விதியும் சேர்க்கப்பட்டது. ஆறு மாதம் முப்பத்தைந்து ஆண்டாயிற்று. ஆளுநர் துவைனிங் பிரேமன் நகரத்து நூதனசாலைக்குச் சென்று, அங்கிருந்த ஏறத்தாழ 2000 மண்டையோடுகளிடையே, அளவு கொண்டும் குண்டு துளைத்த அடையாளங் கொண்டும் ஒன்றைத் தெரிந்தெடுத்தார். 1954இல் அது மக்வாவாவின் பேரர் அதம் சாபியிடம் ஒப்படைக்கப்பட்டது. அஃது உண்மையில் மக்வாவாவின் தலைதானா என்று ஐயுறுவாரும் உளர். அவ்வினத்தவர் அதனைத் தம் தலைவராகவே ஏற்றுக்கொண்டனர்.

இங்கே நமது நாட்டுச் செய்தியொன்றை நினையாமலிருக்க முடியவில்லை. வேர்சாயில் ஆபிரிக்கத் தலைவரின் மண்டையோட்டைத் திருப்பிக் கொடுக்குமாறு பிரித்தானியர் ஜேர்மனியரிடம் கேட்ட அந்நாளில், கண்டிப் பிரதானி ஒருவரின் மண்டையோடு அவர்களுடைய எடின்பரோ நகரத்திலேயே இருந்தது.

ஊவாவின் திசாவையாகிய கெப்பெட்டிபொல, கிளர்ச்சியை அடக்கும்படி ஆங்கிலேயராலேயே அனுப்பப்பட்டவர். சென்ற இடத்திற் கிளர்ந்தெழுந்த மக்களோடு சேர்ந்துகொண்டார். 1818ஆம் ஆண்டு நவம்பர் மாதத்திலே கண்டியிற் சிரச்சேதஞ் செய்யப்பட்டார். அவருடைய மண்டையோட்டை ஸ்கொட்லாந்துக்குக் கொண்டுசென்று, முன்சொன்ன மண்டையோட்டுக் குறிநூலாரின் கழகத்துக்குக் கொடுத்தவர் ஹென்றி மார்ஷல் என்னும் சத்திர வைத்தியர். இந்த மார்ஷல், 1846இல் வெளிவந்த தமது இலங்கை வரலாற்று நூலிலே கெப்பெட்டிபொலவை இகழ்ந்தாரல்லர். அவர் மரணத்தை எதிர்கொண்ட உறுதியை வியந்து எழுதினார். கிளர்ச்சி வென்றிருந்தால் அவர் தேசாபிமானி என்று போற்றப்பட்டிருப்பார், தோற்றமையாலேயே துரோகி எனப்பட்டார் என்னும் கருத்தையும் துணிந்து வெளியிட்டார்.

மார்ஷலைப் பற்றிப் படித்தபோதுதான் மாணவனுக்குச் சொல்லவேண்டிய மறுமொழி எனக்கு விளங்கத் தொடங்கிற்று. மார்ஷல் நேர்மையாளர், இறந்தவரின் பெருமையை உணர்ந்தவர். அப்படியிருந்தும், அத்தலைக்கு ஒரு வீடும் ஒரு நாடும் உண்டென்பது அவர் நெஞ்சிற் படவில்லை. மதிப்பு வேறு, உரிமை வேறு. ஒருவரை எவ்வளவு மதித்தாலும் அம்மதிப்பு அவருடைய எலும்பை நமக்கு உடைமையாக்காது. நாடு சுதந்திரம் பெற்ற பின்னர் அம்மண்டையோடு இலங்கைக்கு மீண்டது. இன்று அது கண்டியிலே தலதா மாளிகைக்கு எதிரே நினைவுச்சின்னத்தின் கீழ் உறங்குகின்றது.

ஒரே ஒரு பல்

கொங்கோ நாட்டின் முதற் பிரதமர் பத்ரிஸ் லுமும்பாவின் வரலாறு நம்மிற் பலரின் வாழ்நாளை ஒட்டியது. 1960 ஜூன் 30ஆம் திகதி நாடு சுதந்திரமடைந்தது; 1961 ஜனவரி 17ஆம் திகதி கட்டாங்காவிலே அவரும் தோழர் இருவரும் சுட்டுக் கொல்லப்பட்டனர். கல்லறையே இருக்கலாகாதென்று கருதிய கொலைஞர், உடல்களைத் தோண்டியெடுத்து, துண்டாக்கி, அமிலத்திலே கரைத்தனர். அவ்வேலையை மேற்பார்த்த பெல்ஜியப் பொலிஸ் அதிகாரியொருவர் பல்லை எடுத்துச் சென்று தம் வீட்டில் வைத்திருந்தார். பல ஆண்டுகள் சென்றபின் அதனைத் தாமே வெளியிட்டும் சொன்னார்.

வேட்டைக்காரன் விலங்கின் கொம்பைச் சுவரில் மாட்டுவதுபோல வைத்திருந்த அந்தப் பல்லே பின்னர் பெருஞ்சான்றாயிற்று. 2016இல் பெல்ஜிய அதிகாரிகள் அதனைக் கைப்பற்றினர். லுமும்பாவின் மகள் ஜூலியானா, தந்தையின் எச்சத்தைத் தாயகத்துக்கு அனுப்புமாறு 2020இற் பெல்ஜிய மன்னருக்குக் கடிதம் எழுதினார். 2022 ஜூன் 20ஆம் திகதி பிரசெல்ஸ் நகரிலே அது பிள்ளைகளிடம் ஒப்படைக்கப்பட்டது. ஒரு பல்லைச் சிறு பெட்டியிலிட்டு, பெட்டியைச் சவப்பேழையில் வைத்து, பேழையைத் தேசியக் கொடியாற் போர்த்தி, நாட்டின் பல பகுதிகளுக்கும் கொண்டுசென்று, சுதந்திர தினமாகிய ஜூன் 30ஆம் திகதி கின்சாசாவில் அடக்கம்பண்ணினர். அறுபத்தொரு ஆண்டுகளாக நடவாதிருந்த ஈமக்கடன் அன்று நிறைவேறிற்று.

உடம்பின் துணுக்கொன்றைப் பேணுவது வீண்மயக்கம் என்று எண்ணிக்கொண்டே படிக்கத் தொடங்கிய எனக்கு இவ்விடத்திலே அவ்வெண்ணம் தளர்ந்தது. முழு உடலும் கிடைத்தவர்க்கு ஒரு பல் ஒன்றுமன்று. ஒன்றும் கிடையாதவர்க்கு ஒரு பல்லே முழு உடல். இறந்தாரோ இருக்கின்றாரோ என்று அறியாமலும், எரிக்கவும் புதைக்கவும் ஒன்றும் இல்லாமலும், அந்தியேட்டியும் செய்யமாட்டாது காத்திருக்கும் வீடுகள் உலகில் எத்தனையோ உண்டு. நம் நாட்டிலும் உண்டு. அவர்களிடம் எலும்பு வெறும் சுண்ணாம்பு என்று சொல்ல யாருக்கு நாவெழும்?

மாணவனுக்குச் சொன்ன மறுமொழி

ஆகவே, அந்த மாணவனை அழைத்து இவ்வாறு கூறினேன்: "சிவநேசரும் குடத்தில் வைத்திருந்தார், ஹார்வியும் போத்தலில் வைத்திருந்தார். வைத்திருந்ததைக் கொண்டு இருவரையும் ஒன்றென்று சொல்லாதே. யாருக்காக வைத்திருந்தார்கள் என்று கேள். சிவநேசர் தம் மகளின் எலும்பையும் தமக்கென்று வைத்துக்கொள்ளவில்லை. அவள் யாருக்குரியவளென்று எண்ணினாரோ அவர் வரும்வரைக்கும் காவலாயிருந்தார். வந்தவுடன் கொடுத்தார். ஹார்வியும் தமது முதுமையில், 1998இல், எஞ்சிய துண்டுகளைத் தாம் எடுத்த அதே வைத்தியசாலைக்கே திருப்பிக் கொடுத்தார் என்பதை அவருக்காகச் சொல்லவேண்டும். ஆனால், ஐன்ஸ்டைன் தம் உடலை ஒப்புவித்தது நெருப்புக்கும் காற்றுக்கும். அவற்றிடம் அது இன்னும் முழுமையாய்ச் சேரவில்லை."

அவன் சிறிது நேரம் பேசாமல் நின்றான். பின்பு, "ஐயா, மக்வாவாவின் தலையைத் தேடியெடுத்த இடத்தில் இரண்டாயிரம் தலைகள் இருந்தனவென்று சொன்னீர்கள். ஒன்றைத்தானே எடுத்தார்கள். மற்றவை யாருடையவை?" என்று கேட்டான்.

இவ்வினாவுக்கு நாளைக்கு மறுமொழி சொல்லுகிறேன் என்று என்னாற் கூற இயலவில்லை. புகழ்பெற்றவரின் எலும்புக்கு உடன்படிக்கையில் ஓர் உறுப்பு எழுதப்படுகின்றது. அரசர்க்குக் கடிதம் எழுத ஒரு மகள் இருக்கின்றாள். கொடி போர்த்த ஒரு நாடு இருக்கின்றது. ஹைடனின் கல்லறையிற் கிடக்கும் இரண்டாம் தலைக்கு இவற்றுள் ஒன்றுமில்லை. நூதனசாலைகளின் அலுமாரிகளில் எண்ணிடப்பட்டுக் கிடக்கும் ஆயிரக்கணக்கானவற்றுக்கும் இல்லை. "அவர்களுக்கும் எங்கேயோ ஒரு தந்தை இருந்திருப்பார், தம்பி, குடத்திலிட அவருக்கு எலும்பு கிடைக்கவில்லை" என்று மட்டும் சொன்னேன்.

மறுநாள் பாடத்தை விட்ட இடத்திலிருந்து தொடங்கினோம். சிவநேசர் குடத்தைக் கொண்டுவரும் பாட்டை அந்த மாணவனே எழுந்து படித்தான்.